படைத்தவர் கையில் என்ன கருவி?

தங்கம் தோண்ட ஆள் போதவில்லை. அதனால் மனிதனைச் செய்தார்கள். தமிழ் யூடியூபில் 'அனுநாக்கி' என்று தட்டினால் வரும் கதையின் சாரம் இதுதான். நிபிரு என்றொரு கிரகம். சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்கு 3,600 ஆண்டு. அங்கே காற்று மண்டலம் கெட்டுப்போனது. அதைச் சரிசெய்யத் தங்கம் தேவைப்பட்டது. சுமார் நாலரை லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டம் பூமியில் வந்து இறங்கியது, ஆப்பிரிக்காவில் சுரங்கம் வெட்டியது. வேலை செய்து அலுத்துப்போனதும், அங்கே திரிந்துகொண்டிருந்த ஆதிமனித இனத்தின் கருமுட்டையோடு தன் மரபணுவைக் கலந்து ஓர் அடிமையை உண்டாக்கியது. அந்த அடிமையின் பேரன் பேத்திகள்தான் நாம். பின்னணியில் பிரமிடுக்கு மேல் ட்ரோன் பறக்கும், உறுமலாக ஓர் இசை ஓடும். கடைசியில், இதெல்லாம் சுமேரியர்களின் களிமண் பலகையிலேயே எழுதியிருக்கிறது என்று முத்திரை குத்தி அனுப்புவார்கள்.

பலகையில் எழுதியிருப்பதைப் படித்தால் அதைவிட நல்ல கதை இருக்கிறது.

அத்ரஹாசிஸ் என்பது அக்காடிய மொழிக் காவியம். நமக்குக் கிடைத்த பழைய பிரதிகளில் ஓரளவு முழுமையானதை இபிக்-அயா என்ற இளநிலை எழுத்தர் பொ.ஆ.மு. 17ஆம் நூற்றாண்டில், பாபிலோனிய அரசன் அம்மி-சதுகாவின் காலத்தில் பிரதியெடுத்தார். மூன்று பலகைகள், 1,245 வரிகள். வரிகளை எண்ணித் தன் பெயரையும் தேதியையும் கீழே குறித்துவைத்த ஒழுங்கான ஆள். அவர் எழுதிவைத்த கதைப்படி, மனிதர் உண்டாவதற்கு முன் கடவுளர்தாம் உழைத்தார்கள். மேல்நிலைக் கடவுளர் உட்கார்ந்திருக்க, கீழ்நிலைக் கடவுளர் கூடை தூக்கினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், டைக்ரிஸ், யூப்ரடிஸ் ஆறுகளையே தோண்டினார்கள். ஆண்டுக்கணக்காக இரவு பகல் பாராத வேலை. ஒருநாள் பொறுமை போயிற்று. மண்வெட்டிகளையும் கூடைகளையும் போட்டுக் கொளுத்திவிட்டு, நள்ளிரவில் தலைவன் என்லிலின் வீட்டை வளைத்துக்கொண்டார்கள். யார் தூண்டிவிட்டது என்று கேட்டபோது, நாங்கள் எல்லோரும்தான் என்று பதில் வந்தது. தூது போய்வந்த பிறகு அனு என்ற மூத்த கடவுள், அவர்கள் சொல்வதில் என்ன தப்பு, வேலை பளுதானே என்று ஒத்துக்கொள்கிறார். (மண் சுமந்த கடவுள் ஒருவரை நமக்கு மதுரையில் தெரியும். பாபிலோனில் ஒரு கூட்டமே சுமந்தது. ஆனால் பிரம்படிக்குக் காத்திருக்கவில்லை.)

தீர்வு என்கி என்ற கடவுளிடமிருந்து வருகிறது. ஒரு கடவுளை வெட்டி, அவன் சதையையும் ரத்தத்தையும் களிமண்ணில் பிசைகிறார்கள். மற்ற கடவுளர் அந்த மண்ணின்மேல் எச்சில் உமிழ்கிறார்கள். தாய்த் தெய்வம் அதிலிருந்து 14 கட்டிகளைக் கிள்ளி, ஏழை வலப்பக்கமும் ஏழை இடப்பக்கமும் வைக்கிறாள். பத்தாவது மாதம் மனிதர் பிறக்கிறார்கள். கூடை கைமாறுகிறது.

இதில் தங்கச் சுரங்கம் எங்கும் இல்லை. ஆப்பிரிக்காவும் இல்லை. இருப்பது வாய்க்கால். இந்தக் கதையைச் சொன்னவர்கள் தெற்கு இராக்கின் வண்டல் சமவெளியில் வாழ்ந்தவர்கள். கல் கிடையாது, உலோகத் தாது கிடையாது, நல்ல மரம்கூட வெளியிலிருந்துதான் வரவேண்டும். கிடைத்ததெல்லாம் ஆற்று மண். வீடு மண், பானை மண், எழுதும் பலகையும் மண். தூர் வாராவிட்டால் வாய்க்கால் அடைத்துக்கொள்ளும், பயிர் போய்விடும். ஆகவே அரசு ஆள்பிடித்து வேலை வாங்கும். அப்படி வேலைக்குப் போனவர்கள் நிறைந்த ஊரில், இந்தக் கூடையை நம் தலையில் ஏற்றியது யார் என்ற கேள்வி வந்ததில் வியப்பில்லை. அவர்கள் கற்பனை செய்த கடவுளின் கையில் இருந்ததும் குயவர் தொழில்தான். அந்த நாட்டில் அன்றைக்கு எங்கும் கண்ணில் பட்ட தொழில்நுட்பம் அதுவே.

வாய்க்கால் தங்கச் சுரங்கமாக மாறியது 1976இல். சகரியா சிட்சின் பாகு நகரில் பிறந்து, பாலஸ்தீனத்தில் வளர்ந்து, லண்டனில் பொருளாதாரம் படித்து, நியூயார்க்கில் கப்பல் கம்பெனி ஒன்றில் பணிபுரிந்தவர். அந்த ஆண்டு அவர் எழுதிய 'தி ட்வெல்ஃப்த் பிளானட்' வெளிவந்தது. கடவுளர் விண்வெளிப் பயணிகளானார்கள், களிமண் மரபணுவானது, தாய்த் தெய்வம் வாடகைத்தாய் ஆனாள், என்கி தலைமை விஞ்ஞானி. கண்ணாடிப் பாத்திரத்தில் கருமுட்டையைச் சினைப்படுத்தி இன்னொரு கருப்பையில் வைத்து வளர்த்தார்கள் என்று எழுதினார்.

அந்த ஆண்டின் செய்தித்தாள்களை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1973இல் அமெரிக்காவில் கோஹனும் போயரும் ஓர் உயிரியின் மரபணுவை வெட்டி பாக்டீரியாவில் ஒட்டிக் காட்டியிருந்தார்கள். அது எங்கே கொண்டுபோய் விடுமோ என்ற பயத்தில் 1975இல் விஞ்ஞானிகள் கலிபோர்னியாவின் அசிலோமரில் கூடித் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். 1976இல் அதே போயர் ஜெனன்டெக் என்ற கம்பெனியைத் தொடங்கினார். இங்கிலாந்தில் எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் சோதனைக்குழாய்க் குழந்தைக்காகத் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார்கள். 1978 ஜூலையில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள், அக்டோபரில் கொல்கத்தாவில் துர்கா. நாலரை லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே விண்ணோடத்தில் வந்தவர்கள் சிட்சின் கதையில் செய்தது இதே வேலையை, ஏறக்குறைய இதே கருவிகளோடு. 1976இன் ஆய்வகத்தைத் தாண்டி ஒரு படிகூட அவர்கள் முன்னால் போகவில்லை.

இந்தக் கதையின் எந்தப் பதிப்பை எடுத்தாலும் இப்படித்தான் இருக்கிறது. சொல்பவர் காலத்தில் எது புதுக்கருவியோ அதுவே படைத்தவர் கையில் இருக்கும்.

நம்மூர்ப் பங்கும் இதில் உண்டு. 1910 கோடையில் சென்னை அடையாறில், பிரம்மஞான சபையின் தலைமையகத்தில், அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் ஞானதிருஷ்டியால் மனித குலத்தின் பூர்விகத்தை 'ஆராய்ந்தார்கள்'. அது 1913இல் 'மேன்: வென்ஸ், ஹவ் அண்ட் விதர்' என்ற தடித்த நூலாக அடையாறிலிருந்தே வெளிவந்தது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெள்ளிக் கிரகத்திலிருந்து 'அக்கினிப் பிரபுக்கள்' பூமிக்கு வந்தார்களாம். அவர்களின் தலைவர் சனத்குமாரர். விலங்குநிலையில் கிடந்தவனுக்குள் மனம் என்ற பொறியை மூட்டிவிட்டார்கள். வரும்போது கோதுமையையும் தேனீயையும் எறும்பையும் கையோடு கொண்டுவந்தார்கள். அரிசியை ஏன் விட்டுவிட்டு வந்தார்கள் என்று சென்னையில் யாராவது கேட்டிருக்க வேண்டும். இங்கே மரபணு கிடையாது, கருமுட்டை கிடையாது. 'ஜீன்' என்ற சொல்லே 1909இல்தான் டென்மார்க்கில் பிறந்திருந்தது. அடையாற்று ஆலமரத்தடிக்கு அது வந்துசேரவில்லை. மின்சாரமும் மனோவசியமும் பேச்சாக இருந்த காலம், ஆகவே பொறி.

1968இல் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் ஊரில் ஹோட்டல் நிர்வாகியாக இருந்த எரிக் ஃபான் டேனிகன் ஒரு புத்தகம் எழுதினார். ஆங்கிலத்தில் 'சாரியட்ஸ் ஆஃப் தி காட்ஸ்?' என்ற பெயரில் உலகெங்கும் லட்சக்கணக்கில் விற்றது அது. அந்த ஆண்டு டிசம்பரில் அப்போலோ 8 நிலவைச் சுற்றிவிட்டுத் திரும்பியது. ஆகவே கடவுளுக்கு ராக்கெட், தலையில் கவசம். மனிதன் உண்டான விதத்துக்கு டேனிகன் சொன்னது: ஆதிப் பெண்களை மயக்கத்தில் ஆழ்த்திச் செயற்கைக் கருவூட்டல் செய்தார்கள். மாட்டு ஆஸ்பத்திரியில் சினை ஊசி போடுவது உலகெங்கும் வழக்கமாகிவிட்ட காலம் அது. (புத்தகம் புகழின் உச்சியில் இருந்தபோது ஹோட்டல் கணக்கு மோசடிக்காக அவர் சிறைக்குப் போனது தனிக்கதை. கணக்கில் கை வைத்தவர் சொன்னதால் மட்டும் ஒரு கருத்து பொய்யாகிவிடாது. பொய்யாவதற்கு அதற்கு வேறு காரணங்கள் இருந்தன.)

பிரான்சில் கிளாட் வொரியோன் என்ற கார்ப்பந்தய நிருபர், 1973 டிசம்பரில் கிளெர்மோன்-ஃபெரான் அருகே அணைந்த எரிமலை ஒன்றில் வேற்றுக்கிரகவாசியைச் சந்தித்ததாகச் சொல்லி, ராயேல் என்று பெயர் மாற்றிக்கொண்டு ஒரு மதமே தொடங்கினார். அவருடைய படைப்பாளிகள் 25,000 ஆண்டுகளுக்கு முன் ஆய்வகத்தில் டிஎன்ஏவைக் கோத்து மனிதனைச் செய்தவர்கள். டாலி என்ற குளோனிங் ஆடு உலகுக்குத் தெரிந்த 1997இல் இந்த மதத்தைச் சார்ந்தவர்கள் குளோனெய்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2002 டிசம்பரில் 'ஈவ்' என்ற குளோன் குழந்தை பிறந்துவிட்டது என்று நிருபர்களைக் கூட்டி அறிவித்தார்கள். குழந்தையை யாரும் பார்க்கவில்லை. பரிசோதனைக்கு ஒரு துளி ரத்தமும் வரவில்லை.

ஆக, கதை மாறாமல் கருவி மட்டும் மாறிவந்தது. உண்மையில் தலைகீழாக மாறியது, அதைச் சரிபார்க்கும் வசதி.

1976இல் சிட்சினைப் படித்த ஒருவர் அவர் சொன்னதை எங்கே போய் ஒத்துப்பார்ப்பார்? லம்பர்ட்டும் மில்லார்டும் பதிப்பித்த அத்ரஹாசிஸ் 1969இலேயே ஆக்ஸ்போர்டில் வெளிவந்திருந்தது. ஆனால் அது பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் கிடக்கும் புத்தகம். ரயில் நிலையக் கடையில் வாங்கும் பேப்பர்பேக் அல்ல. மரபணுப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். டிஎன்ஏவின் எழுத்துகளை வரிசையாகப் படிக்க ஃபிரெடெரிக் சாங்கர் கண்ட எளிய முறை வெளியானதே 1977இல். மனித மரபணுத்தொகையை யாரும் படித்ததில்லை. யாரும் படிக்காத புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், இல்லையா?

இன்று அந்தப் புத்தகம் திறந்து கிடக்கிறது. 2001இல் முதல் வரைவு வெளியானது. 2022இல், விடுபட்டிருந்த சுமார் 20 கோடி எழுத்துகளையும் சேர்த்து, ஏறக்குறைய 305 கோடி எழுத்துகள் கொண்ட முழுத்தொகுப்பு வந்தது. எழுத்துக்கு ஒரு பைட் என்று வைத்தாலும் மூன்று ஜிபி சொச்சம். திருமண வீடியோவைவிடச் சிறிய கோப்பு. விரும்பினால் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சுமேரியப் பாடல்களின் மொழிபெயர்ப்புகளை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது.

இந்த வசதிக்கு முன்னால் கதை எப்படி நின்றது என்பதற்கு இரண்டு இடங்களைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

முதலாவது, இரண்டாம் குரோமோசோம். சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் மூன்றுக்கும் குரோமோசோம் 48. நமக்கும் 48 என்றுதான் முப்பது ஆண்டுகளுக்குமேல் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 1956இல் ச்சியோவும் லெவானும் சரியாக எண்ணி 46 என்றார்கள். இரண்டு எங்கே போயின? வேற்றுக்கிரகக் கட்சிக்கு இது பிடித்தமான சாட்சியம்: ஆய்வகத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், பார்த்தீர்களா!

ஒட்டிய இடத்தை 1991இல் அமெரிக்க யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று கண்டுபிடித்துவிட்டது. எந்தக் குரோமோசோமை எடுத்தாலும் அதன் இரு நுனிகளிலும் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்து ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வரும். நுனியைக் காக்கும் பகுதி அது. நடுவில் வர வேண்டிய வேலை அதற்கு இல்லை. நம் இரண்டாம் குரோமோசோமிலோ இந்த ஆறெழுத்து நடுப்பகுதியில் வருகிறது. கொஞ்ச தூரம் ஓடி, பிறகு கண்ணாடியில் பார்த்ததுபோல் எதிர்த்திசையில் திரும்பி ஓடுகிறது. இரண்டு சேலைகளை முந்தானையோடு முந்தானை வைத்துத் தைத்தால் நடுவில் இரண்டு முந்தானைகள் எதிரெதிராகத் தெரியுமே, அதேதான். எழுத்துகள் பல இடங்களில் சிதைந்தும் போயிருக்கின்றன. நீண்ட காலம் பயனில்லாமல் கிடந்ததன் அடையாளம். குரோமோசோமுக்கு ஒன்றே போதுமான மையப்பகுதி இதில் இரண்டு இருக்கிறது. இரண்டாவது செயலிழந்த மிச்சம். இரு பக்கத்து மரபணு வரிசையும் சிம்பன்சியின் இரண்டு தனிக் குரோமோசோம்களோடு ஒத்துப்போகிறது.

இப்படி ஒட்டிக்கொள்ள ஆய்வகம் தேவையில்லை. வேறு வகையில் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டு 45 எண்ணிக்கையோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒன்று உண்டு; பெரும்பாலோர் எந்தக் குறையும் தெரியாமல் வாழ்கிறார்கள். சீனக் கேளையாட்டுக்குக் குரோமோசோம் 46. அதன் நெருங்கிய உறவான இந்தியக் கேளையாட்டில் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7. எத்தனை ஒட்டல் நடந்திருக்க வேண்டும்! கேளையாட்டைச் செய்ய எந்தக் கிரகத்திலிருந்து வந்தார்கள் என்று யாரும் வீடியோ போடுவதில்லை. இன்னொன்று, நம் இரண்டாம் குரோமோசோமின் அதே ஒட்டு டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திடமும் இருக்கிறது. ஆக, நம் இனம் தனியாகப் பிரிவதற்கு வெகுகாலம் முன்பே நடந்து முடிந்த சங்கதி. 'நம்மைச் செய்த' கையொப்பமாக அது இருக்க வழியில்லை.

இரண்டாவது, 223 மரபணுக்கள். 2001 பிப்ரவரியில் மனித மரபணுத்தொகையின் வரைவு 'நேச்சர்' இதழில் வந்தபோது அதில் ஒரு வரி எல்லோர் கண்ணையும் இழுத்தது: 223 மரபணுக்கள் பாக்டீரியாக்களில் இருக்கின்றன, நம்மிடம் இருக்கின்றன, நடுவில் உள்ள புழு பூச்சிகளிடம் இல்லை. பாக்டீரியாவிலிருந்து நேரே தாவி வந்தவையாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். அப்போது எண்பது வயதைத் தாண்டியிருந்த சிட்சின் உடனே பிடித்துக்கொண்டார். ஆதாமின் வேற்றுக்கிரக மரபணு இதோ, விஞ்ஞானமே ஒத்துக்கொண்டது என்று எழுதினார்.

அந்த எண்ணிக்கை நான்கு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஸ்டீவன் சால்ஸ்பெர்க்கின் குழு 'சயன்ஸ்' இதழில் கணக்கைத் திரும்பப் போட்டது. ஒப்பிட எடுத்த உயிர்களே அன்று மிகக் குறைவு: ஈஸ்ட், உருளைப்புழு, பழ ஈ, கடுகு இனச் செடி ஒன்று, இன்னும் சில. இவை எல்லாம் ஒரு பழைய மரபணுவைத் தம் பாதையில் தொலைத்திருந்தால், தொலைக்காத நமக்கு அது வானத்திலிருந்து விழுந்ததுபோல் தோன்றும். ஒப்பிடும் உயிர்களைக் கூட்டக் கூட்ட, 223 என்பது 40 அளவுக்கு இறங்கியது. இன்னும் உயிர்களைச் சேர்த்தால் இன்னும் குறையும் என்பதையும் காட்டினார்கள். திருத்தம் வெளிவந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிறது. வீடியோக்களில் 223 இன்னும் 223தான்.

எனக்கு இவற்றைவிடப் பிடித்த சாட்சி வைட்டமின் சி. ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்கிறது. நமக்கு நெல்லிக்காயோ எலுமிச்சையோ வேண்டும். அதைச் செய்யும் மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை. உடைந்த நிலையில் இருக்கிறது. சிம்பன்சியிடமும், உராங்குட்டானிடமும், பல குரங்குகளிடமும் அதே மரபணு உடைந்துதான் கிடக்கிறது. சுரங்கத்துக்கு உழைப்பாளியைத் தயாரிக்கும் விஞ்ஞானி, ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய்க்கு வழிவைத்துவிட்டுப் போவானா? நட்சத்திரங்களுக்கிடையே பயணம் செய்யத் தெரிந்தவனுக்கு ஆட்டின் மரபணு கைக்கு எட்டவில்லையா?

பொறியாளர் கைபட்ட மரபணுத்தொகை எப்படி இருக்கும் என்பது இப்போது நமக்கே தெரியும், ஏனென்றால் நாமே செய்துவிட்டோம். 2010இல் கிரெய்க் வென்டரின் குழு ஒரு பாக்டீரியாவின் முழு டிஎன்ஏவையும் வேதிப்பொருள்களிலிருந்து கட்டி இன்னொரு செல்லுக்குள் வைத்து உயிரோடு ஓடவிட்டது. அதற்குள் தங்கள் பெயர்களையும், ஒரு மின்னஞ்சல் முகவரியையும், சில மேற்கோள்களையும் டிஎன்ஏ எழுத்தில் பொதித்துவைத்தார்கள். இயற்பியலாளர் ஃபைன்மனின் வாசகம் பிழையாக எழுதப்பட்டது பிறகு தெரியவந்து வெட்கப்பட்டார்கள். 2018இல் சீனாவில் ஹ ஜியான்குய் கிரிஸ்பர் கருவியால் இரட்டைக் குழந்தைகளின் ஒரு மரபணுவைக் கருநிலையிலேயே வெட்டினார். வெட்டு எந்த இடத்தில், எத்தனை எழுத்து போனது என்றெல்லாம் மற்றவர்கள் அலசினார்கள். அவர் சிறைக்குப் போனார். செய்த வேலைக்குத் தடயம் உண்டு. நம் 305 கோடி எழுத்துகளில் அப்படியொரு தடயத்தை யாரும் காட்டியதில்லை.

அந்நியர் சரக்கு நமக்குள் இல்லவே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. அனுநாக்கி கதை அதன் பக்கத்தில் வெளிறிப்போகும். நம் மரபணுத்தொகையில் சுமார் 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்களின் மிச்சம். எந்தக் காலத்திலோ நம் முன்னோரின் கருசெல்களைத் தாக்கி, அங்கேயே தங்கிவிட்டவை. அவற்றில் ஒன்று சின்சிட்டின். வைரஸ் தன் உறையைச் செல்லோடு ஒட்டவைக்கப் பயன்படுத்திய புரதம் அது. இப்போது கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் செல்களை ஒன்றாகப் பிணைத்து, தாய்க்கும் சேய்க்கும் இடையே ஊட்டம் கடத்தும் படலத்தை உண்டாக்க உதவுகிறது. 2000ஆம் ஆண்டில் இது வெளியானபோது நம்பச் சிரமப்பட்டவர்கள் விஞ்ஞானிகளுக்குள்ளேயே இருந்தார்கள்.

கலப்பினம் என்பதும் உண்மைதான். 2010இல் ஸ்வாந்தே பாபோவின் குழு நியாண்டர்தாலின் மரபணுத்தொகையைப் படித்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே பரவிய மக்களிடம் 1 முதல் 2 சதவீதம் வரை அவர்கள் ரத்தம். அதே ஆண்டு சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்புத் துணுக்கிலிருந்து, யாரும் கேள்விப்பட்டிராத இன்னொரு மனித இனம் வெளிப்பட்டது. அக்குகையில் கிடைத்த வேறொரு எலும்புச் சில்லு சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணுடையது. தாய் நியாண்டர்தால், தந்தை டெனிசோவன் என்று 2018இல் சொன்னார்கள். 2025இல் வெளியான 2,762 இந்தியர்களின் மரபணுத்தொகை ஆய்வு, இந்த இரண்டு பழைய இனங்களின் பங்கும் நம்மிடம் இருப்பதை உறுதிசெய்தது. ஆய்வகமும் அடிமை வியாபாரமும் இல்லாமல், குகையோரங்களில் சந்தித்துக்கொண்டவர்கள் பெற்ற பிள்ளைகளின் வழியே வந்த கலப்பு.

வானத்திலிருந்து விதை வந்திருக்கலாம் என்று சொன்ன பெரிய மனிதர்களும் உண்டு. டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக், லெஸ்லி ஆர்கெலோடு சேர்ந்து 1973இல் 'இகாரஸ்' இதழில் அப்படி ஒரு கட்டுரை எழுதினார்: வேறொரு நாகரிகம் நுண்ணுயிர்களைக் கலத்தில் ஏற்றிப் பூமிக்கு அனுப்பியிருக்கலாமா? அவர் பேசியது 300 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாக்டீரியாவைப் பற்றி. ஆதாமைப் பற்றி அல்ல. அவருக்கே அதில் பெரிய நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. பென்னு என்ற குறுங்கோளிலிருந்து 2023இல் நாசா கொண்டுவந்த மண்ணில், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன. டிஎன்ஏ, ஆர்என்ஏவின் ஐந்து எழுத்துகளுக்கான மூலக்கூறுகளும் இருந்தன. மூலப்பொருள் வானத்திலும் உண்டு என்பது வரை சரி. அங்கிருந்து ஒரு சமையல்காரர் வந்தார் என்பதற்கு அந்த மண் சாட்சி சொல்லாது.

நம்பிக்கையின் சந்தையும் மாறிவிட்டது. அன்று டேனிகனும் சிட்சினும் தாங்களே ஊர் ஊராகச் சுற்றி, அருங்காட்சியகங்களில் நின்று, தப்போ சரியோ முன்னூறு நானூறு பக்கம் உழைத்து எழுதினார்கள். அவர்களை மறுக்க நினைத்தவருக்கும் முழுப் புத்தகம் கையில் இருந்தது. 2010 முதல் அமெரிக்காவின் ஹிஸ்டரி சேனலில் 'ஏன்ஷியன்ட் ஏலியன்ஸ்' தொடராக ஓடத் தொடங்கியபின் வாதம் சுருங்கி, "இப்படியும் இருக்கலாமோ?" என்ற கேள்விக்குறியாகிவிட்டது. இன்று அதுவும் அறுபது விநாடி ரீலாக நறுங்கிவிட்டது. கேள்விக்குறியை யாரால் மறுக்க முடியும்?

கருவி மாற்றம் மட்டும் நிற்கவில்லை. 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டு மேடையில், கௌரவர் நூறு பேரும் ஸ்டெம் செல், சோதனைக்குழாய் நுட்பத்தில் பிறந்தவர்கள் என்று ஒரு துணைவேந்தர் பேசினார். சிட்சின் பாபிலோனுக்குச் செய்ததை அவர் அஸ்தினாபுரத்துக்குச் செய்தார். 1976இல் பேசியிருந்தால் ஸ்டெம் செல் வந்திருக்காது. இப்போது சிலர் மரபணுவையும் கைவிட்டு, நாம் யாரோ ஒருவரின் கணினியில் ஓடும் நிரல் என்கிறார்கள். குயவர் சக்கரத்திலிருந்து இறங்கியவர் சர்வர் அறைக்குக் குடிபோய்விட்டார்.

அடுத்து எதைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் சொல்லிவிடலாம். கலிபோர்னியாவில் அருண் துர்வாசுலாவும் ஸ்ரீராம் சங்கரராமனும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, மேற்கு ஆப்பிரிக்க மக்கள் சிலரின் மரபணுத்தொகையில் 2 முதல் 19 சதவீதம் வரை, எலும்பே கிடைக்காத ஒரு மனித இனத்திலிருந்து வந்திருக்கிறது. ஆள் தெரியாத இத்தகைய இனத்தை விஞ்ஞானிகளே 'பேய் இனம்' என்று அழைக்கிறார்கள். தலைப்புக்கு ஆசைப்படுபவர்களுக்கு அது போதும். ஆனால் அந்தத் துண்டுகள் நம்முடையவற்றிலிருந்து எவ்வளவு வேறுபடுகின்றன என்று எண்ணித்தான் கிளை பிரிந்த காலத்தைக் கணித்திருக்கிறார்கள். நியாண்டர்தால் பிரிவதற்கு முன் பிரிந்த கிளை. சிம்பன்சியோடு ஒப்பிட்டால் நமக்கு மிக நெருங்கிய பங்காளி. வேறொரு நட்சத்திரத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்த மரத்தில் கிளையே இருக்காது. மேற்கு ஆப்பிரிக்காவின் வெப்பமும் ஈரமும் கலந்த மண்ணில் எலும்பு தங்குவது அபூர்வம் என்பதால், அந்தப் பங்காளியின் மண்டையோடு சீக்கிரம் கிடைக்கும் என்று இத்துறையில் யாரும் வாக்குக் கொடுப்பதில்லை.